மண் கேட்காத செடி

"அண்ணா, பூ விட்டுருச்சு. கெளம்பி வாங்க. ஒங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்றேன்."

மும்தாஜின் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

வேங்கிக்காலில் என் வீட்டிலிருந்து தேரடித் தெருவுக்கு வண்டியில் கால் மணி நேரம். அன்று முக்கால் மணி ஆக்கினேன். வேண்டாத இடத்தில் நிறுத்தி டீ குடித்தேன். டேங்க் பாதிக்கு மேல் இருந்தும் வரிசையில் நின்று பெட்ரோல் போட்டேன். ஒரு பூவைப் பார்க்கப் போக இவ்வளவு பயப்பட்ட ஆள் இந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

மும்தாஜின் கணவன் சலீம் என் நண்பன். ஐந்தாம் வகுப்பிலிருந்து பழக்கம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. நான் படியேறும்போது அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். ஒதுங்கி வழிவிட்டு, கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான் என்று புரிந்தது.

மாடியில், பச்சை நிழல் வலைக்குக் கீழே ஒரு மரக்கூடை தொங்கும். அதில் ஒரு ஆர்க்கிட் செடி. இறந்துபோன தன் மகள் ஷபானா ஜவ்வாது மலையிலிருந்து கொண்டுவந்த செடி அது என்று மும்தாஜ் நம்பிக்கொண்டிருந்தாள். அது அந்தச் செடி இல்லை. அந்தச் செடியைக் கொன்றவன் நான். இந்த ஊரில் இது எனக்கும் சலீமுக்கும் மட்டும்தான் தெரியும்.

கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். நான் அங்கேயே நிற்கட்டும். அதற்குள் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில் வந்தவள்

ஷபானா தாவரவியலில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்காக ஜவ்வாது மலைக்கு அடிக்கடி போவாள். ஒருமுறை ஜமுனாமரத்தூர்ப் பக்கம் காற்றில் சாய்ந்த மரத்தை யாரோ விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்களாம். கிளையில் ஒட்டியிருந்த செடியைப் பிய்த்து ஓரமாக வீசியிருக்கிறார்கள். இவள் கெஞ்சிக் கேட்டு எடுத்துக்கொண்டாள். மலைப் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற பெண், அன்று செடியை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்து சேர்ந்தாளாம்.

முதன்முதலில் நான் பார்த்தபோது, இதற்காகவா இவ்வளவு பாடு என்றுதான் இருந்தது. நடுத்தண்டின் இரண்டு பக்கமும் வார் வாராகத் தடித்த இலைகள். ஒவ்வொரு இலையின் நுனியும் எலி கடித்தது போலப் பிய்ந்திருந்தது. அது நோய் இல்லை, பிறவியே அப்படியாம். தண்டின் அடியிலிருந்து பென்சில் பருமனில் சாம்பல் நிற வேர்கள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன.

"இது வாண்டா மாமா. நம்ம பக்கத்து ஆர்க்கிட். இதுக்கு மண்ணே வேணாம்" என்றாள்.

"மண்ணு இல்லாம? அப்ப மரத்தோட ரத்தத்தக் குடிக்குமா?"

"அய்யோ, ஒட்டுண்ணி இல்ல மாமா. மரத்த சும்மா புடிச்சிக்கினு இருக்கும், அவ்ளோதான். மழ பேஞ்சா பட்டைமேல தண்ணி வழியுதில்ல, அது போதும். அதுல வர தூசி, எல மக்கு, அதான் சாப்பாடு. ரொம்ப கம்மியா சாப்புடற பொண்ணு."

தேக்குக் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைக்கு மூலை கம்பி கட்டி அவளே கூடை செய்தாள். பன்னிரண்டு குச்சி. அதற்குள் அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுச் சில்லும் மட்டும் போட்டாள். காலை வெயில் படலாம், உச்சி வெயில் ஆகாது. காற்று எப்போதும் ஓடவேண்டும். சாம்பல் நிற வேரில் தண்ணீர் தெளித்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். பச்சையாகிவிட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், அதோடு நிறுத்திவிட வேண்டும். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் அழுகிப் போய்விடும்.

மலையில் வளர்ந்த செடிக்கு நம் ஊர்க் கோடை சும்மா இருக்குமா? மாடித் தரையில் தண்ணீரைக் கொட்டி ஈரமாக வைத்திருப்பாள். "இதோட வெத தூசி மாதிரி இருக்கும் மாமா. ஒரு காய்க்குள்ள எண்ணவே முடியாத அளவுக்கு. ஆனா மரப்பட்டையில இருக்கற ஒரு பூஞ்சக்காளான் கெடைச்சாத்தான் மொளைக்கும். மொளைச்சாலும் பூக்க வருசக்கணக்காவும். அப்புடி வளந்ததத்தான் அவங்க வெறகோட தூக்கிப் போட்டாங்க" என்பாள். மாடியிலிருந்து நம் அண்ணாமலையைக் காட்டி, "இங்கயும் இருந்திருக்கும். வருசா வருசம் தீப்புடிச்சா எது நிக்கும்?" என்பாள்.

எல்லாவற்றையும் கேட்டேன். காது கேட்டது, கை நம்பவில்லை. அதுதான் பின்னால் வினையாயிற்று.

நீலம்

அந்தக் கோடையில் செடி பூத்தது. ஒரே காம்பில் ஏழு பூ. மஞ்சள் கலந்த பச்சை இதழில் பழுப்புக் கட்டங்கள், கைலித் துணியில் இருப்பது போல. நடுவில் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் மட்டும் நல்ல நீலம். பேனா மை சிந்தியது போன்ற நீலம். வெயில் ஏற ஏற இனிப்பாக ஒரு வாசனை. கீழே கடைக்கு வந்தவர்கள் என்ன சென்ட் என்று கேட்டார்கள்.

மூன்று வாரம் வாடாமல் நின்றது. உதிர்ந்த ஒரு பூவை ஷபானா நோட்டுக்குள் வைத்து அழுத்தினாள்.

அந்த வருட மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் அவள் இல்லை.

இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சலீம் தன் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டே இருந்தான். அது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

சலீம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கபர்ஸ்தானுக்குப் போவான், மகளின் கபருக்கு முன்னால் நின்று துவா செய்துவிட்டு வருவான். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. மும்தாஜ் போனதில்லை. மகள் எங்கே கிடக்கிறாள் என்பதை அவள் சலீம் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். வேப்பமரம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் மூன்றாவது என்று அவன் சொல்லியிருக்கிறான்.

அவளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு இடம் இந்தக் கூடைதான். "பாப்பா செடி" என்பாள். தினமும் காலையில் மாடிக்குப் போய் வேர் பச்சையாகும்வரை தெளிப்பாள். பேசுவாள் என்றும் சலீம் சொன்னான்.

எங்கள் நிலத்து மண்

என்னைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே கொட்டித் தீர்த்தாயிற்று. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் சர்வே துறையில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன், கலசபாக்கம் பக்கத்தில் மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட விவசாயியின் மகன். என் அப்பாவுக்கு ஒரு பழக்கம். நிலத்தில் இறங்கினால் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பா, புளிப்பா, விதைக்கலாமா என்று சொல்வார். செடி வாடினால் எங்கள் வீட்டில் வைத்தியம் ஒன்றுதான்: மண்ணை மாற்று, எரு போடு. மனிதருக்கு உடம்பு சரியில்லை என்றாலே எங்கள் ஆட்கள் நிலத்தில் போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வா என்பார்கள்.

சர்வேயில் இருந்தபோது ஒருமுறை வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகள் என் முன்னாலேயே கட்டிப்புரண்டார்கள். தகராறு அரைமுழம் மண்ணுக்கு. மண் இல்லாத எதுவும் வாழும் என்பதை நம்புகிற ரத்தம் எனக்கு இல்லை.

இரண்டு கோடைக்கு முன்னால் சலீமுக்கு நெஞ்சுவலி. வேலூரில் பைபாஸ் ஆபரேஷன். மும்தாஜும் கூடவே போய்த் தங்கினாள், ஒரு மாதத்துக்கு மேல். என் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள ஓசூரில் மகள் வீட்டில் இருந்தாள். நான் வேலை இல்லாதவன். கிளம்பும்போது மும்தாஜ் முதலில் செடியைப் பற்றித்தான் சொன்னாள், வீட்டுச் சாவியைக்கூட அப்புறம்தான் கொடுத்தாள்.

"ஊட்ட பாக்கலன்னாலும் பரவால்லண்ணா. பாப்பா செடிய மட்டும் பாத்துக்குங்க."

அக்னி நட்சத்திர நேரம். தினம் தேரடித் தெருவுக்கு ஓட முடியவில்லை என்று கூடையோடு என் வீட்டுக்கே கொண்டுவந்து முன்வாசலில் மாட்டினேன். நான்கே நாளில் இலை சுருங்கியது. வேர்கள் வெளுத்துப் போய்க் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை தெளித்திருந்தால் போதும், மதியத்துக்கு நிழல் கட்டியிருந்தால் போதும். ஷபானா சொன்னதுதான். எனக்கோ அந்த வேர்கள் எதையோ தேடித் தேடி நீளுவது போலத் தெரிந்தது. பாவம், இத்தனை வருடம் இதற்கு யாரும் ஒரு பிடி மண் கொடுக்கவில்லையே என்று நினைத்தேன்.

ஊருக்குப் போனேன். எங்கள் நிலத்தில், அப்பா ருசி பார்த்த அதே கழனியில், செம்மண் எடுத்தேன். மக்கிய சாணி எரு, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் கலந்தேன். பெரிய தொட்டி வாங்கி, வேர் முழுவதையும் உள்ளே விட்டு, அடி இலை மூன்று மறையும்வரை மண்ணைப் போட்டு, விரலால் அமுக்கி, தலையோடு தண்ணீர் ஊற்றினேன். தினமும் சாயங்காலம் ஊற்றினேன். என் வாழ்நாளில் எந்தச் செடிக்கும் அவ்வளவு நல்ல மண் கொடுத்ததில்லை.

மும்தாஜ் தினமும் வேலூரிலிருந்து போன் செய்வாள். சலீம் நேற்று நாலு அடி நடந்தான், இன்று கஞ்சி குடித்தான் என்பாள். கடைசியில் குரலைத் தணித்து, "பாப்பா செடி எப்புடி இருக்குது?"

"ஜம்முனு இருக்குதும்மா. நீ கவலப்படாத."

பொய் இல்லை அது. அதுதான் அந்தச் செடியின் குணம். தடித்த இலை, தன் சேமிப்பிலேயே வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். உள்ளே எல்லாம் முடிந்துபோனது வெளியே தெரியாது.

மக்கும் குப்பை

ஒருநாள் காலையில் அடி இலை மஞ்சளாக இருந்தது. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் குருத்தைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று, நாற்றம். மண்ணைக் கொட்டிப் பார்த்தேன். வேர்களை இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றது. ஒரு வேர், ஒரே ஒரு வேராவது கெட்டியாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகத் தடவினேன். இல்லை.

அவர்கள் இரண்டொரு நாளில் திரும்பப் போகிறார்கள். எனக்கு அந்த நாற்றத்தை வாசலில் வைத்திருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் குப்பை வண்டியின் விசில் கேட்டது. செடியைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

"மக்கும் குப்பையா, மக்காததா சார்?" என்றாள் வண்டிக்காரப் பெண்.

"மக்கும்" என்றேன்.

பச்சை டப்பாவில் தேங்காய் மட்டைக்கும் முட்டைகோஸ் இலைக்கும் மேலே போட்டுவிட்டு, அவள் வண்டியை அடுத்த வீட்டுக்கு நகர்த்தினாள்.

கூடையை மட்டும் கழுவி வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

சலீம் ஊர் திரும்பிய மறுநாள், மும்தாஜிடம் ஏதோ சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் தனியாக வந்தான். நெஞ்சில் தையல், இருமல் வந்தால் அழுத்திப் பிடிக்க ஒரு சின்னத் தலையணையைக் கையிலேயே வைத்திருந்தான். வெறும் கூடையைப் பார்த்தான். நான் சொன்னேன். மண், எரு, குப்பை வண்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

என்னை நாலு அறை அறைவான் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

"நீ வேணும்னா பண்ண? விடு" என்றான். பிறகு கூடையைப் பார்த்துக்கொண்டே, "மும்தாஜுக்குத் தெரியக் கூடாது ஏழுமல. அவ தாங்க மாட்டா. அதே மாதிரி ஒண்ணு எங்கயாச்சும் கெடைக்குமா பாரு. அதுவரைக்கும் ஒன் ஊட்லயே நெழல்ல இருக்குதுன்னு சொல்லிக்கறேன்."

காளியின் பலாமரம்

மலையில் எனக்குத் தெரிந்தவர் காளி. சர்வே நாட்களில் எங்களோடு காடுமேடெல்லாம் நடந்தவர். அவர் பட்டா நிலத்தில் பலாமரங்கள் உண்டு. இந்தச் செடிகளைக் காட்டிலிருந்து எடுப்பது குற்றம். காளி எடுக்கவும் விடமாட்டார். அவர் பலாவில் ஒரு கிளை காற்றில் முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று இருந்தது. அதே வார் இலை, அதே எலி கடித்த நுனி, அதே சாம்பல் வேர்.

நடந்ததை அவரிடமும் சொன்னேன். சொல்லாமல் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"மரத்து மேல இருக்கறத இன்னாத்துக்கு சார் மண்ணுல வச்ச?" என்றார் காளி. திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

பட்டையோடு செதுக்கிக் கொடுத்தார். ஷபானாவின் கூடையில் கரியும் ஓட்டுச்சில்லும் போட்டு அதை வைத்துக் கட்டினேன். இப்போது எல்லாம் சரியாகச் செய்தேன். கூடையில் அவள் கையெழுத்தில் ஒரு தகரச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி வைத்தேன், என்னால் பார்க்க முடியவில்லை.

மும்தாஜ் வாங்கிப் பார்த்தாள். "பதினோரு எல இருந்துச்சே. ஒம்பதுதான் இருக்குது."

"வெயில் ஜாஸ்திம்மா. ரெண்டு கொட்டிப்போச்சு."

"இந்த வெயிலுக்கு இதுவாச்சும் நின்னுச்சே. நீங்க இல்லன்னா அதுவும் போயிருக்கும்ணா" என்றாள். அன்று எனக்கு ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தாள். குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. சலீமின் கடைக்கு வந்த ஒரு கல்லூரி ஆசிரியர் பேச்சுவாக்கில் சொன்னாராம்: இந்த வாண்டா செடிக்குச் செடி நிறம் மாறும். ஒன்று மஞ்சளாக இருக்கும், ஒன்று காப்பி நிறம். நடு இதழ் நீலமும் வரும், ரோஸும் வரும், ஊதாவும் வரும். பூக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது.

சலீம்தான் இதை என்னிடம் வந்து சொன்னான். அந்தக் கோடையில் பூக்கவில்லை. பூக்கக் கூடாது என்று ஒரு செடிக்காக நான் வேண்டிக்கொண்டது அப்போதுதான். அடுத்த கோடையில் இலை இடுக்கில் ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது.

மாடிப்படி

இப்போது கடைசிப் படியிலிருந்து நான் மேலே ஏறுகிறேன்.

மும்தாஜ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கடைக்காரன் மனைவிக்குத் தன் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று எப்போதும் தெரியாது. காலையில் போன் செய்தபோது மொட்டு பிளந்ததை மட்டும் பார்த்திருக்கிறாள். நான் முக்கால் மணி நேரம் ஆக்கியதில் அவளுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது, வெயிலும் வந்துவிட்டது, பூவும் முழுவதும் விரிந்துவிட்டது.

"அண்ணா, இங்க வாங்க. இது இன்னா கலரு?"

காப்பி நிற இதழ். நடுவில் நல்ல ரோஸ்.

கையில் ஷபானாவின் நோட்டு இருந்தது. திறந்து காட்டினாள். அழுத்தி வைத்த பூ காய்ந்து தாள்போல ஆகியிருந்தாலும் நடு இதழில் நீலம் இன்னும் இருந்தது.

"வெயிலு கொஞ்சம் ஜாஸ்தியானா கலர் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாதீங்கண்ணா. ஒங்களுக்கு அது வராது."

நிறுத்திவிட்டேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. கூடையில் கையை வைத்துப் பன்னிரண்டு குச்சிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"கூட அவளுது."

"ஆமாம்மா."

"செடி?"

"நான்தான் மண்ணுல வச்சேன். அழுகிடுச்சு."

தலையை ஆட்டினாள். அதைத்தான் எதிர்பார்த்தவள் போல இருந்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அத எங்க போட்டீங்க?"

எவ்வளவோ கேள்விகளுக்கு நான் தயாராக இருந்தேன். ஏன் சொல்லவில்லை, ஏன் ஏமாற்றினீர்கள், அவருக்கும் தெரியுமா. இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பச்சை டப்பா கண் முன்னால் வந்தது. முட்டைகோஸ் இலை வந்தது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"எங்க ஊட்டுப் பின்னால வேப்பமரம் இருக்குதில்லம்மா. அதுங்கீழ பொதைச்சேன்."

எனக்குப் பொய் வராது என்று அவள் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள்.

"வேப்பமரமா?" என்றாள். அவள் முகம் அப்போது மாறியதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "நல்ல எடம்தான்."

நான் கிளம்பும்போது புதுச் செடியின் வேரில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "இது இன்னா பண்ணுச்சு, பாவம்" என்றாள்.

வெள்ளிக்கிழமைகள்

அடுத்த வெள்ளிக்கிழமை, சலீம் தொழுகைக்குப் போன நேரத்தில், என் வீட்டுப் பின்கதவுப் பக்கம் ஆட்டோ வந்து நின்றது. மும்தாஜ் பித்தளைச் சொம்போடு இறங்கினாள். "ஒங்களுக்குத் தொந்தரவு இல்லையேண்ணா?" என்று கேட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் பிடித்து, வேப்பமரத்தடியில் மெல்ல ஊற்றினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உதடு அசைந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். அப்புறம் எந்த வெள்ளியும் தவறவில்லை. சொம்பை மரத்தடியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள்.

சலீமிடம் சொன்னேன். அவனுக்குத்தான் குப்பை வண்டி விவகாரம் தெரியுமே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"நான் போற எடத்துக்கு அவ வர முடியாது. அவளுக்குன்னு போக ஒரு எடம் கெடைச்சிருக்குது. உடு ஏழுமல."

விட்டேன். ஒரு வருடமாக விட்டேன். வெறும் மண்ணுக்கு ஒருத்தி கண் கலங்குவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டு விட்டேன்.

இந்தத் தொடரை அவள் வாராவாரம் படிக்கிறாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பியவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"எல்லாரையும் எழுதறீங்க. மணியக்காரரு, பங்காளிச் சண்ட, பஸ்ல தூங்கனவன் எல்லாம் வந்துட்டாங்க. ஷபானாவ எழுத மாட்டீங்களாண்ணா?"

எழுத உட்கார்ந்தேன். ஷபானாவை எழுதினால் செடியை எழுத வேண்டும். செடியை எழுதினால் அது எங்கே போனது என்று எழுத வேண்டும். மூன்று தடவை வேப்பமரத்தில் கொண்டுபோய் முடித்தேன். மூன்று தடவையும் கிழித்தேன். ஒரு பொய்யை வாயால் சொல்வது வேறு, அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே அச்சில் போடுவது வேறு.

பத்திரிகையில் வந்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்த அளவுக்காவது எனக்கு மானம் இருந்தது. கையெழுத்துப் பிரதியை வெள்ளிக்கிழமை அவள் தண்ணீர் ஊற்றும் முன்பே கொடுத்தேன். மரத்தடியில் நின்றபடியே படித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். குப்பை வண்டி வரும் பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தாள். காற்றில் வேப்பம்பூ உதிர்ந்து தாளில் விழுந்தது, அதை ஊதிவிட்டு மேலே படித்தாள்.

முடித்ததும் கேட்டாள்: "அன்னிக்கு இன்னா கெழம?"

"எது?"

"வண்டி வந்த அன்னிக்கு."

யோசித்தேன். நினைவில் இல்லை. "தெரியலம்மா" என்றேன். அவள் கேட்டு நான் நேர்மையாகச் சொன்ன பதில் அது. அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தாள். "கூடைக்குப் பத்து குச்சின்னு எழுதியிருக்கீங்க. பன்னெண்டு. நான்தான் பக்கத்துல ஒக்காந்து எண்ணி எண்ணிக் குடுத்தேன்."

"மாத்திடறேன்."

"மாத்திட்டுப் போடுங்க. அவ பேரு அச்சுல வரட்டும்."

மாற்றிவிட்டேன். மேலே நீங்கள் படித்த பன்னிரண்டு அவள் எண்ணியதுதான்.

அன்று சொம்பில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அதை ஊற்றவில்லை. மரத்தடியில் அப்படியே வைத்துவிட்டு, ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆகிவிட்டன. அவள் வரவில்லை. சலீமும் போன் செய்யவில்லை. சொம்பைக் கேட்டு ஆளும் வரவில்லை.

முதல் வெள்ளியன்று பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். சொம்பில் இருந்த தண்ணீரில் வேப்பிலை விழுந்து மிதந்துகொண்டிருந்தது. கடைசியில் எழுந்துபோய் அதை மரத்தடியில் ஊற்றினேன். அதற்கடுத்த வாரம் குழாயில் பிடித்து ஊற்றினேன். நேற்றும் ஊற்றினேன்.

அங்கே ஒன்றும் இல்லை. அது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?